பிணியுற்ற பூனையும் பேணும் கடமையும்

அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ், மனிதனுக்கு வசப்படுத்திக் கொடுத்த உயிரினங்கள் பல. மாடு ஏர் இழுக்கிறது. கழுதை பொதி சுமக்கிறது. நாய் காவல் காக்கிறது. எலி பிடிப்பதைத் தவிர வேறு ஊழியம் எதனையும் ஏற்காமலேயே மனிதனுடைய வீட்டினுள் நுழைந்து, அடுப்படியிலும் திண்ணையிலும் உரிமையோடு படுத்துறங்கும் உயிர் ஒன்று உண்டு. அதுவே பூனை. நம் வீடுகளில் அதனைக் கட்டிவைப்பாரும் இல்லை. விலை கொடுத்து வாங்குவாரும் மிகக் குறைவு. தானாக வருகிறது, குட்டி போடுகிறது, குடும்பத்தில் ஒன்றாகிவிடுகிறது.

அத்தகைய பூனைக்குக் கொடிய நோய் ஒன்று வந்துவிட்டால் என் செய்வது? இக்கேள்வி முன்னாளில் எழுந்ததில்லை. ஏனெனில் அன்று அதற்கு மருத்துவமே இருந்ததில்லை. இன்று மருத்துவம் இருக்கிறது. ஆதலால் கேள்வியும் வந்துவிட்டது.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள ஒரு வீட்டை நாம் மனத்திற் கொள்வோம். தந்தை பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்குபவர். மகன் கல்லூரியில் பயில்கிறான். மகள் வளர்க்கும் பூனைக்கு வயது பத்து. ஒருநாள் அதன் அடிவயிற்றைத் தடவிய மகளின் விரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்து, புற்றாக இருக்கக்கூடும் என்றும், அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றும், ஆயினும் முழுக் குணத்திற்கு உறுதி கூற இயலாது என்றும் சொல்லிவிடுகிறார். அன்றிரவே அவ்வீடு இரண்டுபட்டு விடுகிறது. “தெருவில் திரிந்த பூனைக்கா இத்தனை ஆயிரம்?” என்கிறார் தந்தை. “பத்து வருடம் நம்முடனே இருந்ததே, அத்தா!” என்கிறாள் மகள். “வாயில்லாத ஜீவனைக் கத்தியால் அறுப்பது பாவமல்லவா?” என்று மூன்றாவதாக ஒரு கேள்வியை எழுப்புகிறார் தாய்.

இம்மூவரின் சொற்களிலும் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. இச்சிகிச்சை நம்மீது கடமையா? அன்றி அது கொடுமையா? அல்லது வீண் விரயமா? ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

அண்ணலார் காட்டிய வழி

பூனையைக் குறித்த நபிமொழிகள் நம் வீடுகளில் நன்கு அறியப்பட்டவை. நபித்தோழர் அபூ கத்தாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக வைக்கப்பட்ட நீரைக் குடிக்கப் பூனை ஒன்று வந்தது. அது வசதியாகக் குடிக்கும்பொருட்டு அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அருகிலிருந்த மருமகள் கப்ஷா அம்மையார் வியப்புற்று நோக்கவே, பூனை அசுத்தமானதன்று என்றும், நம்மைச் சுற்றி வளைய வருவோரில் அதுவும் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. வீட்டுக்குள் வளைய வரும் பிள்ளைகளையும் ஏவலரையும் நோக்கும் அதே கண்ணோடு பூனையையும் நோக்கச் செய்த சொல் இது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என்பதும், தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துப் புகட்டியவர் பாவமன்னிப்புப் பெற்றார் என்பதும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் வந்துள்ள செய்திகளாகும். ஈரமுள்ள ஈரலைக் கொண்ட ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்ற பேரறிவிப்பு அந்த நாயின் வரலாற்றை ஒட்டியே பிறந்தது. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் சொரிந்து நின்ற ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதனைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரை அண்ணலார் கண்டித்ததும் நாம் அறிந்ததே.

பிணியுற்ற பிராணிக்கு ஒருவர் தம் கையாலேயே சிகிச்சை செய்த வரலாறும் நம்மிடம் உண்டு. தமிழகத்து முஸ்லிம்கள் பெரிதும் போற்றும் செய்யிது அஹ்மதுல் கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்கள் ஈராக்கில் உம்மு அபீதா என்னும் ஊரில் வாழ்ந்து, ஹிஜ்ரீ 578இல், அதாவது கி.பி. 1182இல் மறைந்தவர்கள். அவ்வூரில் நாய் ஒன்றுக்கு அருவருக்கத்தக்க தோல் நோய் கண்டது. அனைவரும் அதனை விரட்டினர். பெரியார் அவர்களோ அதனை ஊருக்கு வெளியே கொண்டு சென்று, நிழலுக்கு ஒரு கூரை அமைத்து, நாற்பது நாட்கள் உணவும் நீரும் அளித்து, எண்ணெய் பூசி, நோய் நீங்கிய பின் வெந்நீரால் குளிப்பாட்டினார்கள் என அவர்களின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஒரு நாய்க்காகவா இவ்வளவு என்று கேட்டவர்களிடம், நாளை மறுமையில் இதன் பொருட்டு அல்லாஹ் தம்மைக் கேட்பானே என்று அஞ்சுவதாக அவர்கள் விடை பகர்ந்தார்களாம். தம் சட்டைக் கையின் மீது உறங்கிவிட்ட பூனையை எழுப்ப மனமின்றித் துணியைக் கத்தரித்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்த நிகழ்ச்சியும் அப்பெரியாரைப் பற்றியே பதிவாகியுள்ளது. நபி பெருமானாரைப் பற்றியதாக மக்கள் வாய்வழி கூறும் இக்கதை ஹதீஸ் தொகுப்புகளில் காணப்படுவதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

கடமையா?

இரக்கம் நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது எந்த அளவில் கடமையாகிறது?

ஹிஜ்ரீ 660இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது பராமரிப்புச் செலவாகும். அப்பிராணி முதுமையுற்றாலும், நோயுற்றுப் பயனற்றுப் போனாலும், அதற்குரிய செலவை உரிமையாளன் செய்தே தீரவேண்டும் என்பது அவ்வறிஞரின் முடிபு. பால் வற்றிய மாட்டைத் தெருவில் விடுவோரும், நோயுற்ற பூனையைச் சாக்கில் கட்டி மீன் கடை வாசலில் விட்டு வருவோரும் ஒருகணம் நின்று சிந்திக்க வேண்டிய சொற்கள் இவை. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவை.

ஆக, உணவு, நீர், தங்குமிடம், துன்புறுத்தாமை ஆகியவை கட்டாயக் கடமைகள். நோய் வந்தபின் கைவிடாமையும் அதனுள் அடங்கும். ஆனால் அறுவைச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் அதனுள் அடங்குமா? மனிதனுக்கே மருத்துவம் செய்துகொள்வது பொதுவாகக் கட்டாயக் கடமையன்று. விரும்பத்தக்கது, அல்லது அனுமதிக்கப்பட்டது என்பதே இமாம்களில் பெரும்பாலோரின் கருத்து. மருந்து செய்துகொள்ளலாமா என வினவிய நாட்டுப்புற அரபிகளிடம், ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்துள்ளான், முதுமையைத் தவிர, என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மறுமொழி அளித்ததாக உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். இதில் ஊக்கம் உண்டு. முதுமை என்னும் எல்லையும் உண்டு.

எனவே, குணமடையும் வாய்ப்பு நன்கு தெரிந்து, வசதியும் வாய்த்திருக்கும்போது சிகிச்சை அளிப்பது சிறந்த இஹ்ஸான் ஆகும். வாய்ப்புக் குறைந்து, வசதியும் இல்லாதபோது அறுவையைத் தவிர்ப்பது குற்றமன்று. கைவிடுவது மட்டுமே குற்றம்.

கொடுமையா?

தாயின் அச்சம் மதிக்கத்தக்கது. பிராணிகளைச் சித்திரவதை செய்வதை மார்க்கம் வன்மையாகத் தடுத்துள்ளது. முகத்தில் சூடிடுவதைப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். உயிருள்ளவற்றை இலக்காக நிறுத்தி அம்பெய்வதைத் தடை செய்தார்கள். ஆயினும், பொதுநிதிக்குரிய ஸதகா ஒட்டகங்கள் வேறு கால்நடைகளோடு கலந்துவிடாதிருக்க அவற்றிற்கு அடையாளச் சூடு இட்டதைத் தாம் நேரில் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் உள்ளது. மனிதனின் தேவைக்காக ஓரளவு வலியை அனுமதிக்கும் மார்க்கம், அப்பிராணியின் சொந்த நலனுக்காக, அதுவும் மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாமல் செய்யப்படும் சிகிச்சையை எவ்வாறு கொடுமை எனக் கூறும்? முற்கால முஸ்லிம் அரசுகளில் பிராணி வைத்தியம் ‘பைத்தரா’ என்னும் பெயரில் தனிக் கலையாகவே வளர்ந்தது. கலீஃபா முஃதளிதின் குதிரைலாயத் தலைவராக ஒன்பதாம் நூற்றாண்டில் விளங்கிய இப்னு அகீ ஹிஸாம் அக்கலையில் நூல் இயற்றியவர்.

ஆகவே கத்தியைக் கொண்டு கொடுமையை அளக்கலாகாது. அதனால் அப்பூனைக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இங்கேதான் மருத்துவ அறிவு நமக்குத் தேவைப்படுகிறது.

மருத்துவம் கூறுவது

புற்று என்னும் ஒரே பெயரில் பல நோய்கள் உள்ளன. அவற்றுள் கத்திக்குக் கட்டுப்படுவனவும் உண்டு, கட்டுப்படாதனவும் உண்டு.

பெண்பூனைக்கு நான்கு இணைப் பால்மடிகள் உள்ளன. அவற்றில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை கொடிய புற்றாகவே இருக்கின்றன. பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதில் இது காணப்படுகிறது. கட்டி 2 செ.மீ.க்கும் குறைவாக உள்ளபோதே அறுத்து நீக்கப்பட்ட பூனைகள் மூன்றாண்டு அளவும் அதற்கு மேலும் வாழக்கூடும் என்றும், 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிட்டால் அறுத்த பின்னரும் சராசரியாக ஆறு மாத அளவே வாழ்கின்றன என்றும் கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பட்டாணி அளவில் கண்டபோது செல்வதற்கும், எலுமிச்சை அளவில் வளர்ந்தபின் செல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான். அறுவையின்போது கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் போதாது. அந்தப் பக்கத்து மடி வரிசை முழுவதையும் நீக்குவதே முறை.

வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியிலும் மூக்கிலும் கடும் வெயிலால் ஒருவகைத் தோல் புற்று வருகிறது. ஆறாத புண்போலும் பொருக்குப்போலும் தொடங்கும் இதனைத் தொடக்கத்திலேயே கண்டு காது மடலை நீக்கிவிட்டால் பல பூனைகள் நெடுநாள் நலமாக வாழ்கின்றன. காதில்லாத பூனை பார்ப்பதற்கு அழகற்றிருக்கலாம். பூனைக்கு அதனால் வருத்தம் ஏதுமில்லை.

இதற்கு மாறாக, நாக்கின் அடியிலும் தாடையிலும் வரும் புற்று மிகக் கொடியது. அறுத்தாலும் பெரும்பாலானவை சில மாதங்களுக்கு மேல் வாழ்வதில்லை. நிணநீர்ப் புற்றிற்கோ பொதுவாகக் கத்தியன்று, மருந்தே சிகிச்சை.

ஆதலால் முடிவெடுக்கும் முன்னர் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை உள. கட்டியில் ஊசி குத்தி எடுத்த அணுக்களைச் சோதித்தாயிற்றா? நோய் நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? சிறுநீரகம் மயக்க மருந்தைத் தாங்குமா என இரத்தம் சோதித்தாயிற்றா? நுரையீரலுக்குப் பரவிவிட்ட பின்னர் வயிற்றை அறுப்பதால் பயன் மிகக் குறைவே. மயக்க மருந்தைப் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. இங்கிலாந்தில் 2008இல் வெளியான பேராய்வு ஒன்றின்படி, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனைகளில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 24 இறந்தன. நோயுற்ற பூனைகளை மட்டும் தனியே கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். வயது மட்டுமே தடையன்று என்பதும், உடல்நிலையே பார்க்கத்தக்கது என்பதும் இதனால் விளங்கும்.

நம் பகுதி மக்கள் முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. மேல் சிகிச்சைக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. சென்னையில் 1903இல் தோன்றிய மிகப் பழைய கல்லூரி வேப்பேரியில் இயங்குகிறது. பயணமே பூனைக்குப் பெருந்துன்பம் என்பதால், எத்தனை முறை சென்றுவர வேண்டியிருக்கும் என்பதையும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

வீண் விரயமா?

இனித் தந்தையின் கேள்வி. இராஜபாளையம் என்றதும் உலகம் நினைப்பது அவ்வூரின் வெண்ணிற வேட்டை நாயை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அதன் உருவம் பொறித்த தபால் தலையே வெளியிட்டது. அத்தகைய நாய்க்கு நோய் என்றால் செலவழிக்கத் தயங்காத நாம், பெயரும் குலமும் அற்ற வீட்டுப் பூனை என்றதும் விலை பேசத் தொடங்குகிறோம். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2021இல் மேகமலையையும் சேர்த்து அது புலிகள் காப்பகமாயிற்று. பூனை இனத்துப் பெரியதான புலிக்கு ஒரு காட்டையே ஒதுக்கும் அறிவு நமக்கு உண்டு. அவ்வினத்துச் சிறியதோ நம் பாயருகில் படுத்திருக்கிறது.

பூனையின் விலையைப் பெறுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. பூனை விற்பனையே ஹராம் என்று சிலரும், அது வெறுக்கத்தக்கது மட்டுமே என்று பெரும்பாலோரும் விளக்கம் தந்துள்ளனர். எவ்வாறாயினும், பூனையின் மதிப்பைச் சந்தை விலை கொண்டு அளப்பது பொருந்தாது என்ற பாடத்தை நாம் இதிலிருந்து பெறலாம். ஓசியில் வந்த பூனைக்கு ஏன் செலவு என்னும் வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது.

ஆயினும் தந்தையின் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தன் பொறுப்பில் உள்ளோரைப் பட்டினி போடுவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்னும் கருத்துடைய நபிமொழியும் நம்முன் நிற்கிறது. கடன் இருந்தால் கடன் முந்தும். தந்தையின் மருந்தும் மகனின் கல்லூரிக் கட்டணமும் முந்தும். ஜகாத் பொருளைப் பூனையின் சிகிச்சைக்கு எடுக்கலாகாது. அது திருமறை வகுத்துள்ள எட்டு வகை மனிதர்களுக்கே உரியது. இவையெல்லாம் நிறைவேறிய பின்னர் மீதமுள்ளதிலிருந்து ஒருவர் பூனைக்குச் செலவிட்டால், அதனை வீண் விரயம் எனக் கூற நமக்கு உரிமையில்லை. நற்கூலிக்குரிய ஸதகாவாகவே அது அமையும். திருமண விருந்தில் மிஞ்சிக் குப்பையில் கொட்டப்படும் பிரியாணியின் விலையை எண்ணிப் பார்ப்போர், வீண் விரயம் எங்கே நிகழ்கிறது என்பதை எளிதில் உணர்வர்.

கெய்ரோ நகரில் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ் பூனைகளின் உணவுக்கென ஒரு தோட்டத்தையே வக்பு செய்திருந்ததாகவும், காலப்போக்கில் அத்தோட்டம் கைமாறிய பின்னும் காழியின் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு இறைச்சிக் கழிவுகள் வைக்கப்பட்டதாகவும், 1836இல் வெளியான தம் நூலில் லேன் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். பொறுப்பை உணர்ந்த சமுதாயத்தின் அடையாளம் அது.

யாருக்காக இந்தச் சிகிச்சை?

இனி, மகளிடம் மெல்லக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. பூனைக்காகவா அறுவையை விரும்புகிறோம்? அன்றி, பிரிவைத் தாங்க மாட்டாத நம் மனத்திற்காகவா?

மனிதன் நோயுறும்போது பொறுமை கொள்கிறான். அப்பொறுமைக்குக் கூலி உண்டென்றும், முள் குத்தினாலும் பாவம் உதிரும் என்றும் அறிந்திருக்கிறான். இன்று வலித்தாலும் அடுத்த ஆண்டு நலம் பெறுவோம் என நம்புகிறான். பூனைக்கு இவை எதுவும் தெரியாது. அதற்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. இன்றைய பொழுது மட்டுமே உண்டு. இன்று வெயிலில் படுக்க முடிகிறதா, உண்ண முடிகிறதா, தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ள முடிகிறதா என்பவையே அதன் வாழ்வு. ஆதலால் நாம் அதற்குத் தரும் பத்துப் பதினான்கு நாட்களின் வலி, நல்ல நாட்களாகப் பன்மடங்கு அதற்கே திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கும் என மருத்துவர் நியாயமான நம்பிக்கை தந்தால் சிகிச்சை கருணையாகும். ஒரு மாத வலிக்கு ஒரு மாத வாழ்வே பரிசு என்றால், அது கருணையின் உடையணிந்த நம் சுயநலமே.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர் அருந்துதல், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் என ஏழு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் எனக் குடும்பத்தினர் இட்டுப் பார்க்க வேண்டும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வாழ்வு ஏற்கத்தக்க நிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டுப் பின்னர் ஒப்பிட்டால், சச்சரவு குறைந்து தெளிவு பிறக்கும்.

இவ்வளவையும் சீர்தூக்கினால் நாம் கண்ட வீட்டுக்கு விடை கிடைத்துவிடுகிறது. கட்டி சிறியது; நுரையீரல் தெளிவாக இருந்து, சிறுநீரகமும் நலமாக இருந்து, கடமைகளைக் குறைக்காமல் செலவுக்கு வழியும் இருந்தால் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்வதே நன்று. இவற்றில் ஒன்று தவறினும், அறுவையின்றிப் பேணுவதே நன்று. இரண்டும் இரக்கத்தின் வழிகளே.

அறுவை இல்லையெனில்

அறுவை வேண்டாம் என முடிவு செய்வது, ஒன்றும் செய்யாதிருப்பதாகாது. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. மூலையில் ஒடுங்குதல், தாவ மறுத்தல், உடலை நக்காமை, தொட்டால் சீறுதல் ஆகியவையே அதன் முறையீடு. வலி தணிக்கும் மருந்துகள் பூனைகளுக்கென உள்ளன. அவற்றை மருத்துவரின் அளவுப்படியே தரவேண்டும். நம் அலமாரியில் உள்ள பாரசிட்டமால் மாத்திரையை எக்காரணத்தாலும் பூனைக்குத் தரலாகாது. அதனைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவாதலால் ஒரே மாத்திரையும் அதன் உயிரைக் குடித்துவிடக்கூடும். இரக்கத்தால் செய்து இழந்தோர் பலர். இரண்டு நாட்களுக்கு மேல் பூனை உண்ணாதிருந்தால் ஈரல் பழுதுறும் ஆபத்து உண்டு; உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். மென்மையான உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வைத்தல், உயரம் ஏறாமல் எட்டும்படி படுக்கையும் மணல் தட்டும் அமைத்தல், புண்ணில் ஈ மொய்க்காமல் காத்தல் ஆகிய இவையெல்லாம் பணம் அதிகம் தேவைப்படாத பணிவிடைகள்.

வேதனை எல்லை மீறிவிட்டால் ஊசி போட்டு உயிர் போக்கலாமா என்பது கடினமான கேள்வி. இதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உண்ணத்தகாத பிராணியை வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகவும் கொல்லலாகாது என ஷாஃபிஈ சட்ட நூல்கள் சில கூறுகின்றன. தக்க நன்மை கருதியும், சாவின் துடிப்பில் இருக்கும்போதும் அதற்கு இடமுண்டு என ஹனஃபீ நூல்களில் காணப்படுகிறது. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். ஆதலால் தத்தம் பள்ளிவாசல் ஆலிமிடம் நிலைமையை முழுமையாக எடுத்துக் கூறித் தெளிவு பெறுதல் வேண்டும். அதற்கு முன் மருத்துவரிடம், இனி வலியைக் கட்டுப்படுத்த வழியே இல்லையா என்று கேட்டறிவது முதற்கடமை.

வருமுன் காத்தல்

பெண்பூனைக்கு ஆறு மாதம் நிறையுமுன் கருத்தடை அறுவை செய்துவிட்டால் மடிப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறளவு குறைகிறது. ஆண்டு பல கடந்தபின் செய்தால் இப்பயன் இல்லை. குட்டி போடாதிருக்கக் கொடுக்கப்படும் சில ஹார்மோன் ஊசிகளோ இந்நோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. பிராணிகளுக்குக் கருத்தடை செய்வதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தக்க பயன் கருதி அதனை அனுமதித்தோர் இருக்கின்றனர். மாதம் ஒருமுறை பூனையின் அடிவயிற்றையும் காதுகளையும் வாயையும் தடவிப் பார்ப்பதற்கோ எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லை. வெள்ளைப் பூனையானால் நண்பகல் வெயிலில் மாடியில் படுக்க விடாதிருத்தல் நலம். வெயில் கொளுத்தும் நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும்.

பறவைகளும் பிராணிகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறையின் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகிறது. அச்சமுதாயத்தைச் சேர்ந்த ஒன்று நம் வாசல் தேடி வந்து, நம் உணவை உண்டு, நம்மை நம்பி வாழ்ந்திருக்கிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் குணப்படுத்தித் தருவது நம் கையில் இல்லை; குணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அறிந்து, கேட்டு, எண்ணி, அதற்கு எது நலமோ அதனைச் செய்வது மட்டுமே நம் கையில் உள்ளது. அவ்வாறு செய்தபின் அப்பூனை பிழைத்தாலும் இறந்தாலும் நாம் வருந்திக் குமைய வேண்டுவதில்லை. இறந்தால் தெருக்கோடியில் எறியாமல், குழி தோண்டி மண்ணில் புதைத்துவிட்டு, இதுகாறும் அது தந்த இன்பத்திற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம்.

மண்ணில் உள்ளவற்றின்மீது இரக்கம் கொள்வோரின்மீது விண்ணவன் இரக்கம் கொள்கிறான். அவ்விரக்கத்தையும், அதனை அறிவோடு செலுத்தும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.